தொடாதே என்று எழுதி ஒட்டிய காலம்

2003-இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஓர் அலுவலகம் பழையதாகிவிட்டது என்று கொடுத்தவை. பதினைந்து அங்குலப் பெட்டி மானிட்டர், 128 எம்பி நினைவகம், 800-க்கு 600 புள்ளிகள் கொண்ட திரை. மென்பொருள் வாங்கப் பணம் இல்லாததால் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டிருந்தோம். சனி, ஞாயிறு காலையில் பிள்ளைகள் வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எட்டு மானிட்டர்களின் நெற்றியிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரே வரியை எழுதி ஒட்டியிருந்தேன்: "கீழே உள்ள பட்டையில் ரைட் கிளிக் செய்யக் கூடாது."

அந்தப் பட்டைக்குப் பேனல் என்று பெயர். விண்டோஸில் டாஸ்க்பார் என்பார்கள். மெனு அதில்தான் இருக்கும். திறந்து வைத்திருக்கும் ஜன்னல்களின் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். கடிகாரம், ஒலி அளவு எல்லாம் அதன் ஓரத்தில். வீட்டுக்கு வாசற்படி எப்படியோ அப்படித்தான் டெஸ்க்டாப்புக்குப் பேனல். உள்ளே எத்தனை அறை இருந்தாலும் வாசல் தெரியாவிட்டால் வீடு இருந்தும் பயனில்லை. அந்த வாசலை மாற்றியமைக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பேனலின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் 'பண்புகள்' என்பதை அழுத்தினால் அது திறக்கும். அந்த மெனுவில் 'பண்புகள்' என்ற வரிக்கு நேர் கீழே இருந்த வரி, 'இந்தப் பேனலை நீக்கு'.

இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிகூடக் கிடையாது. ஒன்று நிறத்தையும் அளவையும் பார்க்க. மற்றது வாசலையே பெயர்த்தெடுக்க. இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், அடுத்தடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் காகிதத்தை நான் ஒட்டியதற்குக் காரணம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அவரிடம் படித்தவன்தான். தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர், வருடம், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தயார்செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார்.

ஒரு ஞாயிறு, கடிகாரத்தின் எழுத்து சிறிதாக இருக்கிறது, பெரிதாக்க முடியுமா என்று தாமே பார்த்திருக்கிறார். ரைட் கிளிக். மவுஸ் பிடித்த கை லேசாக நழுவியிருக்கிறது. நீக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. அவர் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர். ஆனால் பேனல் என்றால் எது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. திரையில் இருப்பவற்றில் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் முதலில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டார். கீழ்ப்பட்டை போய்விட்டது. அதற்குச் சற்று முன்புதான் பட்டியலைச் சிறிதாக்கிப் பட்டையில் இறக்கி வைத்திருந்தார். பட்டையோடு பட்டியலும் கண்ணிலிருந்து மறைந்தது.

"எல்லாம் போச்சு தம்பி" என்றார். குரல் உயரவே இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் போகவில்லை. கோப்பு பத்திரமாக இருந்தது. அதற்குப் போகிற வழிதான் இல்லை. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புத் திரையைத் திறந்து, பேனலின் அமைப்புகளை மொத்தமாக அழித்து முதல் நிலைக்குத் திருப்பும் கட்டளை ஒன்றை அடித்தேன். பேனலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பட்டை வந்தது, பட்டியலும் வந்தது. எனக்கு அது சின்ன வேலை. அவர் பார்த்ததோ வேறு: கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ மந்திரம், அதைச் சொல்லத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் மட்டும் பிழைக்கும் ஒரு பொருள். "நீ இல்லாதப்ப இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த மூன்று வாரம் அவர் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் காகிதங்களை எழுதி ஒட்டினேன்.

பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. காகிதத்தை மீறிய பிள்ளைகளால்தான் அந்தச் சின்ன ஜன்னலின் குறைகள் ஒவ்வொன்றாக எனக்குத் தெரியவந்தன. 'தானாக மறை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்துவிட்டு மவுஸை நகர்த்தினால் பேனல் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஓரத்தில் மவுஸைக் கொண்டுபோனால் திரும்பி வரும் என்பது ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் தெரியும். 'மறைக்கும் பொத்தான்களைக் காட்டு' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழேயே 'மறைக்கும் பொத்தான்களில் அம்புக்குறி' என்று இன்னொரு கட்டம். மறைக்கும் பொத்தான் என்பது பேனலின் இரண்டு முனையிலும் இருக்கும் சின்னக் கைப்பிடி. அதைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அதன் மேல் அம்புக்குறி வேண்டுமா என்ற கேள்வி என்ன சொல்லும்?

கடிகாரத்துக்குத் தனி ஜன்னல். அதில் நான்கு வகை நேரம்: 12 மணி, 24 மணி, இணைய நேரம், யூனிக்ஸ் நேரம். யூனிக்ஸ் நேரம் என்பது 1970 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து ஓடியிருக்கும் நொடிகளின் எண்ணிக்கை. 2001 செப்டம்பர் 9-ஆம் தேதி அது நூறு கோடியைத் தாண்டிப் பத்து இலக்கமாகியிருந்தது. ஒரு பையன் எதையோ அழுத்திவிட்டுப் போக, அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த மளிகைக்கடைக்காரர் மூலையில் நின்ற பத்து எண்களைப் பார்த்து, "இது யார் செல் நம்பர் தம்பி? கடைசி நம்பர் மாறிக்கிட்டே இருக்கே" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. நிரல் எழுதுகிறவனுக்கு அந்த எண் அன்றாடப் புழக்கத்தில் இருப்பது. மளிகைக்கடைக்காரருக்கு நேரம் என்றால் ஐந்தரை மணி. இரண்டையும் ஒரே பட்டியலில் சமமாக வைத்தது யாருடைய வசதிக்கு என்று அன்று முதன்முதலாக யோசித்தேன்.

இன்னொரு சங்கடம் திரையின் உயரம். சில அமைப்பு ஜன்னல்கள் 600 புள்ளிகளைவிட உயரமாகத் திறக்கும். 'மூடு' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலின் நடுவே பிடித்து மேலே இழுத்தால் பொத்தான் தெரியும். அந்த வித்தையைத் தெரிந்துகொள்ளும்வரை எங்கள் பிள்ளைகள் மின்சாரத்தையே நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவார்கள்.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். செய்ததைத் திரும்பப் பெறும் வழி வேண்டும் என்பது அப்போதே புதிய கருத்தும் இல்லை. 1983-இல் பென் ஷ்னைடர்மன் எழுதிய கட்டுரை, திரையில் உள்ள பொருளை நேரடியாகக் கையாள்வது பற்றிப் பேசுகையில், ஒவ்வொரு செயலின் விளைவும் உடனே கண்ணில் படவேண்டும், செய்ததைத் திருப்பிக்கொள்ள முடியவேண்டும் என்று சொன்னது. 1994-இல் யாக்கோப் நீல்சன் தொகுத்த பத்து விதிகளிலும், தெரியாமல் நுழைந்த இடத்திலிருந்து வெளியேறப் பளிச்சென்று ஒரு வாசல் வேண்டும் என்பது ஒன்று. ஏட்டில் இருந்தது. பேனலுக்கு வந்து சேரத்தான் காலம் எடுத்தது.

வந்த வழியும் நேர்வழியாக இல்லை. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95-இன் டாஸ்க்பார் அமைப்பு ஜன்னலில் மிக நல்ல விஷயம் ஒன்று இருந்தது. ஜன்னலின் மேற்பாதியில் டாஸ்க்பாரின் சின்னப் படம். 'கடிகாரத்தைக் காட்டு' என்ற கட்டத்தில் டிக்கை எடுத்தால் படத்தில் கடிகாரம் மறையும். வார்த்தை புரியாவிட்டாலும் படம் புரியும். பார்த்துவிட்டு, பிடித்தால் 'சரி', பிடிக்காவிட்டால் 'ரத்து'. கூடவே 'செயல்படுத்து' என்று மூன்றாவது பொத்தானும் இருந்தது. அதை அழுத்திவிட்டுப் பிறகு 'ரத்து' அழுத்தினால் எது ரத்தாகும் என்ற குழப்பம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கே உண்டு.

லினக்ஸ் பக்கம் 1996-இல் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇ என்ற டெஸ்க்டாப் திட்டத்தை அறிவித்தார். 1997-இல் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் குனோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் சில வருடங்கள், விண்டோஸ் செய்வதையெல்லாம் நாமும் செய்யமுடியும், கூடுதலாகவும் செய்யமுடியும் என்று காட்டுவதிலேயே போயின. ஒவ்வொரு நிரலாளரும் தனக்குத் தேவைப்பட்ட விருப்பத்தை ஒரு கட்டமாகச் சேர்த்தார். 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் குனோமை வைத்துப் பயனர் ஆய்வு ஒன்று நடத்தியது. ஆட்களை உட்காரவைத்து, வேலை கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் கற்றுக்கொண்டதை அவர்கள் முறையாகச் செய்திருந்தார்கள்.

2002 ஜூனில் குனோம் 2.0 வந்தபோது அதன் வடிவமைப்பு வழிகாட்டி ஒரு முக்கியமான பழக்கத்தைக் கொண்டுவந்தது. அமைப்பு ஜன்னலில் எதை மாற்றினாலும் அந்த நொடியே நடக்கவேண்டும். 'சரி', 'ரத்து', 'செயல்படுத்து' எதுவும் வேண்டாம், 'மூடு' ஒன்று போதும். பேனலின் உயரத்தைக் கூட்டினால் கண்ணெதிரே பேனல் வளரும். சின்னப் படத்துக்கே அவசியமில்லை, பேனலே படம். இது பெரிய முன்னேற்றம். பிள்ளைகள் இதனால்தான் தைரியமாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் 'ரத்து' போனதும், பழைய நிலை என்னவென்று நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மனிதனுடைய தலையில் வந்து விழுந்தது. ஐந்து இடத்தில் மாற்றிவிட்டு, முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் ஜன்னலுக்குத் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.

அதே 2002-இல் குனோமின் ஹேவக் பென்னிங்டன், ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு விலை உண்டு என்று வாதிட்டு எழுதினார். கட்டங்கள் கூடக்கூட எந்தக் கட்டம் எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க ஆளில்லாமல் போகும். தேவையானது தேவையில்லாதவற்றின் நடுவே தொலையும். எதிர்த்தரப்பும் வலுவாகவே பேசியது. 2005 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இப்படி விருப்பங்களைக் குறைக்கும் போக்கைக் கண்டித்து, கேடிஇக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். நான் இரண்டு பக்கத்தையும் ஆர்வமாகப் படித்தேன். இரண்டும் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தன. எங்கள் டீச்சருக்குக் கட்டங்களின் எண்ணிக்கை தொந்தரவாகவே இல்லை. முந்நூறு பெயரை நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தவர் அவர். கை தவறினால் என்ன கதி என்பதுதான் அவருடைய பயம்.

2009 வாக்கில் மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் சேர்ந்தேன். மொழிபெயர்ப்பவருக்கு அமைப்பு ஜன்னல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோப்பு வரும். அதில் மேலே ஆங்கில வாசகம், கீழே தமிழுக்குக் காலியிடம், இப்படியே நூற்றுக்கணக்கில். எந்த வாசகம் எந்த ஜன்னலில் எந்த மூலையில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டும்.

பேனலுக்கு என்ன சொல்வது என்பதிலேயே ஒரு மாதம் பேசினோம். பலகம் என்றார் ஒருவர். பட்டை என்றேன் நான், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மெனுவுக்கு ஏற்கெனவே பட்டி என்று இருக்கிறது, பட்டை, பட்டி என்று வந்தால் குழம்பாதா என்றார் இன்னொருவர். அவர் சொன்னதும் சரிதான்.

பேனல் கோப்பில் ஒரு வாசகம் என்னை இரண்டு நாள் நிறுத்திவைத்தது. 'என்டர்'. ஒரே சொல், முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. அடுத்த வரியில் 'லீவ்'. கீபோர்டில் இருக்கும் என்டர் விசையா? உள்ளே நுழை என்ற கட்டளையா? எதையாவது எழுதி உள்ளிடச் சொல்கிறதா? லீவ் என்றால் வெளியேறுவதா, கம்ப்யூட்டரை அணைப்பதா? ஊகித்து எழுதாமல், அந்த டெஸ்க்டாப்பை நிறுவி, பேனலின் அமைப்பு ஜன்னலைத் திறந்து, ஒவ்வொரு தாவலாகத் தேடினேன். தோற்றம் என்ற தாவலின் அடியில், ஒளி ஊடுருவும் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு நகர்த்திகளின் பெயர்கள் அவை. மவுஸ் பேனலுக்குள் நுழையும்போது பேனல் எவ்வளவு அழுத்தமாகத் தெரியவேண்டும் என்பது முதலாவது. விலகிப்போன பிறகு எவ்வளவு என்பது இரண்டாவது. நிரலுக்குள் அந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் அதுதான் பெயர். நிரலாளர் தன் மேசையில் புழங்கிய சொல்லை அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அது புரிந்திருக்காது.

'மவுஸ் மேலே இருக்கும்போது', 'மவுஸ் விலகியிருக்கும்போது' என்று தமிழில் எழுதினேன். நிறுவிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து நின்ற இடத்தில் தமிழ் வாசகம் நீண்டு ஜன்னலையே அகலமாக்கிவிட்டது. வலது ஓரம் திரையைத் தொட்டது. 'மவுஸ் இருந்தால்', 'இல்லாவிட்டால்' என்று சுருக்கினேன். இடம் சரியானது, பொருளும் நின்றது. ஆங்கில வாசகத்துக்கு மேலே, இது எதைக் குறிக்கிறது என்று மொழிபெயர்ப்பவருக்காக ஒரு வரிக் குறிப்பு எழுதிவைத்தால் உலகத்தின் எல்லா மொழிக்காரர்களுக்கும் இரண்டு நாள் மிச்சமாகும். அதற்கு நிரலில் தனி வசதியே உண்டு. அன்றிலிருந்து குழப்பமான சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. அமைப்பு ஜன்னலை மேம்படுத்துவது என்றால் பொத்தானை இடம் மாற்றுவது மட்டும் என்று நினைத்திருந்தேன். பாதி வேலை சொல்லில் இருக்கிறது.

2011 பல வகையில் திருப்பமான வருடம். தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அந்த வருடம் தொடங்கியது. விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் சொந்தக் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் குனோம் 3 வந்தது. மேலே ஒரு பட்டை, அதை நகர்த்தவோ நீக்கவோ வழியில்லை. தொலைக்க முடியாத பேனல் என்பதும் ஒரு விடைதான். ஆனால் கண் பார்வை குறைந்தவருக்கு, இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு, தன் வீட்டு வாசல் தெற்கே இருக்கட்டும் என்று நினைப்பவருக்கு அந்த விடை போதவில்லை. பழைய குனோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் அதிலிருந்து மாத்தே என்ற டெஸ்க்டாப்பைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். பேனலை முதல் நிலைக்குத் திருப்பும் கட்டளை இன்று அதன் ரைட் கிளிக் மெனுவிலேயே இருக்கிறது. நான் கறுப்புத் திரையில் அடித்த மந்திரம் ஒரு மெனு வரியாக இறங்கி வந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு நாங்கள் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பைப் போட்டோம். 2011 ஜனவரியில் வந்த அதன் 4.8 பதிப்பில் பேனலைப் புதிதாக எழுதியிருந்தார்கள். அமைப்பு ஜன்னலில் மூன்றே தாவல்: இருப்பிடம், தோற்றம், உள்ளே இருக்கும் பொருட்கள். பேனல் 1, பேனல் 2 என்று மேலே ஒரு பட்டியல். எது 1, எது 2 என்று எப்படித் தெரியும்? பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், திரையில் அந்தப் பேனலைச் சுற்றி விட்டுவிட்டு இழுத்த கோடு ஒன்று எறும்பு ஊர்வதுபோல் ஓடும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பேனலை நீக்கவா என்று கேட்கிறது எனத் தெரியாமல் டீச்சர் தவித்தாரே, அந்தக் கேள்விக்கு யாரோ முகம் தெரியாத ஒருவர் விடை எழுதியிருக்கிறார். ஒரு சொல்கூட இல்லாமல், இதைத்தான் சொல்கிறேன் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது. 2015-இல் வந்த 4.12 பதிப்பில் 'தானாக மறை' என்ற ஒற்றைக் கட்டத்தை மூன்று விடையாகப் பிரித்தார்கள்: ஒருபோதும் வேண்டாம், ஜன்னல் குறுக்கே வந்தால் மட்டும், எப்போதும். ஆமாம் அல்லது இல்லை என்ற கேள்வியை மனிதர்கள் நிஜமாகப் பதில் சொல்கிற விதத்தில் மாற்றிக் கேட்டார்கள்.

டீச்சருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு அன்று அவர் திரும்பி வந்தார், பட்டியலையும் முடித்தார். ஆனால் அதன்பின் இருபது வருடமாகப் பேனலின் மேல் அவர் ரைட் கிளிக் செய்ததே இல்லை. சென்ற வருடம் கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும், எல்லாம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மடிக்கணினியில் கேடிஇயின் பிளாஸ்மா 6 போட்டுக் கொண்டுபோனேன். 2024 பிப்ரவரியில் வந்தது. அதன் பேனல் அமைப்பில் நீளம், மறையும் விதம், ஒளி ஊடுருவும் அளவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது. விடையை மாற்றினால் படமும் மாறும், பேனலும் அப்போதே மாறும். 1995-இன் படமும் 2002-இன் உடனடி மாற்றமும் ஒரே ஜன்னலில் வந்து சேர்ந்திருக்கின்றன.

"நீங்களே செய்யுங்க டீச்சர்" என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கை மவுஸின் மேல் போனது, அழுத்தவில்லை. "இதைத் தொட்டா ஒண்ணும் ஆகிடாதே தம்பி?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மென்பொருள் இருபது வருடம் நடந்து வந்துவிட்டது. நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய வரி அவருக்குள் ஒட்டியபடியே இருந்தது. கெட்ட ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டிருக்கவேண்டியவன், நல்ல மனிதரிடம் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

"பேனலையே நீக்கிடுங்க" என்றேன்.

"வேணாம்ப்பா."

"நான் சொல்றேன் டீச்சர், நீக்குங்க."

என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார். பட்டை போனது. அவர் தோள் இறுகுவது தெரிந்தது. அடுத்த நொடி திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது: பேனல் நீக்கப்பட்டது. அதற்குக் கீழே, திரும்பப் பெற ஒரு பொத்தான். அவர் அதை நிதானமாகப் படித்தார். அழுத்தினார். பேனல், கடிகாரம், மெனு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வந்து நின்றன.

"மறுபடி செய்யட்டுமா?" என்று கேட்டார். மறுபடி நீக்கினார், மறுபடி கொண்டுவந்தார். மூன்றாவது முறை நான் சொல்லவே இல்லை.

இந்த ஜன்னல்களை உருவாக்குகிறவர்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. அந்தத் திரும்பப் பெறும் பொத்தான் சிறிது நேரத்தில் போய்விடுகிறது. வயதானவர் அறிவிப்பைப் படித்து முடிக்கும்வரை, முடிந்தால் மறுநாள் வரைக்கும், அது காத்திருக்கட்டும். நன்றாக அமைத்த பேனலுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளும் வசதியை எக்ஸ்எஃப்சிஇ தனி நிரலாகத் தருகிறது. அது எல்லா டெஸ்க்டாப்பிலும், தேடாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். நீக்கும் கட்டளை மற்ற கட்டளைகளோடு தோள் உரசாமல் தள்ளி நிற்கட்டும். ஒவ்வொரு சொல்லையும் நிரல் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு வையுங்கள். கட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். எதை அழுத்தினாலும் வீடு திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தவர் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

அன்று டீச்சர் பேனலின் உயரத்துக்கான எண்ணைத் தானே கூட்டிக்கொண்டே போனார். கடிகாரம் வளர்ந்து வளர்ந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே படிக்கும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினார். பேனலை மேலே ஏற்றிப் பார்த்தார், இடதுபுறம் வைத்துப் பார்த்தார், கடைசியில் கீழேயே வைத்தார். நான் காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்க்கும்போது ஒலி அளவுக்கான ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்துகொண்டிருந்தார்.

"இது எனக்கு எதுக்கு? எடுத்துடறேன்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.